தோட்டத்துப் பழைய பெயர்களையும் பாதைகளையும் வரைபடத்தில் ஏற்றுவது: இனுவிட் மக்களின் அனுபவம் நமக்கு உதவுமா?

சிப்புட்_நிரை (சுங்கை சிப்புட்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இப்போது பட்டணத்துத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியிருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, எங்கள் பழைய தோட்டத்தின் இடப்பெயர்களையும் நடைபாதைகளையும் கைப்பேசியின் ஜி.பி.எஸ். துணையோடு பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் அங்கே கூடுவதால் பெரியவர்களைச் சந்திப்பதில் சிரமமில்லை. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது.

எங்கள் சிறுவயதில் அது கித்தாக்காடு, அதாவது இரப்பர்த் தோட்டம். இப்போது முழுவதும் செம்பனை (எண்ணெய்ப்பனை). தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயங்களை இடித்து, அந்த நிலத்திலும் கன்று நட்டுவிட்டார்கள். செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை சாய்த்து மறுநடவு செய்வதால், காட்டுக்குள் போகும் மண்சாலைகள்கூட இடம் மாறிவிட்டன. அரசாங்க வரைபடத்தில் தோட்டத்தின் பெயரும் ஆறும் இரயில்பாதையும் இருக்கின்றன. காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களம், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை, இரப்பர்ப் பாலை நிறுத்த பால் கொட்டகை, மேற்பார்வையாளர் இருந்த கங்காணி லயம், முனியாண்டி மேடு, பள்ளிக்கூடத்துக்குக் குறுக்காகப் போன ஒற்றையடிப் பாதை ஆகிய எதுவும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவற்றை அறிந்தவர்கள் எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

அவர்களிடம் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினால், எங்கு பார்த்தாலும் ஒரே பச்சையாக இருப்பதால், எதையும் சுட்டிக்காட்ட முடியாமல் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கோயில் வாசலிலிருந்து கூடவே நடந்தால் நிலைமை முற்றிலும் வேறாக இருக்கிறது. பால்வெட்டுக்காரராக இருந்த பெரியவர் ஒருவர் செம்பனை வரிசைகளுக்கு நடுவில் நின்று, இந்த இடத்தில் ஒரு சிறு பாலம் இருக்க வேண்டும் என்றார். காய்ந்த மட்டைகளை விலக்கிப் பார்த்தபோது, உடைந்த சிமெண்டுக் குழாய் ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடந்தது.

கனடாவின் வடகோடியில் வாழும் இனுவிட் மக்கள் தங்கள் இடப்பெயர்களையும் பனிவழித் தடங்களையும் இதே கருவிகளைக் கொண்டு பதிவு செய்திருப்பதாக வாசித்தேன். அவர்கள் பெரியவர்களிடம் எப்படிக் கேட்டார்கள், எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். பதிவானதைத் திறந்த வரைபடத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடலாமா என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

வடதிசை (கோலாலம்பூர்) மறுமொழி:

வணக்கம். படத்தில் காட்ட முடியாததை நடந்து காட்ட முடிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே இந்த விஷயத்தின் மையம். நான் புவியியல் படித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கிளாடியோ அப்போர்த்தா என்ற மானிடவியலாளர் இக்லூலிக் என்னும் ஊரின் வேட்டைக்காரர்களோடு பயணம் செய்து, அவர்களுடைய தடங்களை ஜி.பி.எஸ். கொண்டு பதிவு செய்தார். அங்கே தடம் என்பது தரையில் நிலைத்திருக்கும் பாதை அன்று. பனியில் விழுந்த சறுக்குவண்டிச் சுவடுதான் தடம். கோடையில் பனி உருகினால் அது அடியோடு மறைந்துவிடும். சில தடங்கள் உறைந்த கடலின் மேலேயே செல்வதால், அவற்றுக்கு அடியில் நிலமே கிடையாது. அப்படியிருந்தும், அடுத்த குளிர்காலத்தில் வண்டிகள் ஏறத்தாழ அதே கோட்டில்தான் ஓடுகின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எந்தெந்த இடம் எந்த வரிசையில் வரும், அடிவானத்தில் எது தெரியும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசும் என்பதைப் பயணத்தின்போதும் வீட்டிலும் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே பெயர்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். அவை வழியின் வரிசையில் கோக்கப்பட்டே நினைவில் இருக்கின்றன.

அவர்களுடைய வழியறிவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பலமாக வீசும் வடமேற்குக் காற்று, பனியை நாக்கு வடிவத்தில் மேடுமேடாகக் குவித்து இறுக்கிவிடும். இவற்றை உக்கலுராயிட் என்பார்கள். இந்த மேடுகள் எல்லாம் ஒரே திசையை நோக்கிப் படிந்திருப்பதால், மூடுபனியில் கண்முன் எதுவும் தெரியாத நேரத்திலும், வண்டி அவற்றை எந்தக் கோணத்தில் ஏறி இறங்குகிறது என்பதை உடம்பால் உணர்ந்தே ஓட்டுபவர் திசையைக் காத்துக்கொள்வார். காந்த வடதுருவம் நெடுங்காலம் அருகில் இருந்ததால் அந்தப் பகுதிகளில் திசைகாட்டியை நம்ப முடியாதிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அறிவின் மதிப்பு விளங்கும்.

வரைபடம் வெளியார் கொண்டுவந்து கொடுத்த பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. 1822-இல் பாரி என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அந்தக் கடலில் பனிக்காலத்தைக் கழித்தபோது, இலிக்லியுக் என்ற இனுவிட் பெண் கடற்கரையின் போக்கைத் தாளில் வரைந்து கொடுத்தார். அதை நம்பி வடக்கே சென்ற கப்பல்கள், இன்று ஃபியூரி–ஹெக்லா என்ற அந்தக் கப்பல்களின் பெயராலேயே வழங்கும் நீரிணையை அடைந்தன. வரைந்தவர் பெயர் நீரிணைக்கு வரவில்லை.

1970களில் மில்டன் ஃப்ரீமன் தலைமையில் நடந்த ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களைத் தனித்தனியே வரைபடத்தின் முன் அமரவைத்து, அவரவர் வாழ்நாளில் எங்கெங்கே சென்றார், எங்கே எதை வேட்டையாடினார் என்பதைக் கோடுகளாக வரையச் செய்தார்கள். அந்தக் கோடுகள், அந்த மண்ணைக் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தவர்கள் இவர்களே என்பதற்குச் சான்றாகி, நிலவுரிமைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக அமைந்தன. 1993-இல் உடன்படிக்கை கையெழுத்தாகி, 1999 ஏப்ரல் 1 அன்று அந்த வடபகுதி நுனாவுட் என்ற பெயரில் கனடாவின் தனி ஆட்சிப்பகுதியாயிற்று. அதே உடன்படிக்கையின் வழியே அமைந்த இனுவிட் மரபுடைமை அறக்கட்டளை இடப்பெயர்களைத் தொகுத்து வரைபடங்களாக அச்சிட்டு வருகிறது. ஊர்ப் பெயர்களும் திரும்பிவிட்டன. ஃப்ரோபிஷர் பே 1987-இல் இக்காலுயிட் ஆனது. ரிபல்ஸ் பே 2015-இலும் கேப் டார்செட் 2020-இலும் முறையே நவுயாட், கிங்ஙாயிட் என்ற தங்கள் பெயர்களைப் பெற்றன.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது, 2007–2008 அனைத்துலகத் துருவ ஆண்டையொட்டிக் கிளைட் ரிவர் என்ற ஊரில் நடந்த இக்லினீட் திட்டம். ஜி.பி.எஸ். பொருத்திய சிறு கணினி ஒன்றைப் பனிவண்டியில் இணைத்துவிட்டார்கள். வேட்டைக்காரர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு வழக்கம்போலப் போவார். கருவி வழியைத் தானே பதிவு செய்துகொண்டு வரும். விலங்கையோ ஆபத்தான பனிக்கட்டியையோ கண்டால் அவர் திரையைத் தொட்டுக் குறிப்பார். வழி நடத்துபவர் மனிதர், பின்தொடர்வது கருவி. இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். விடியுமுன் பெரட்டு முடிந்து உங்கள் நிரைக்கு (உங்களுக்கு ஒதுக்கிய மரவரிசைக்கு) எப்படிப் போனீர்கள், பால் எடுத்துக்கொண்டு எந்த வழியாகத் திரும்பினீர்கள் என்று கேட்டு, அவரை முன்னே நடக்கவிட்டு, குரலையும் தடத்தையும் ஒரே நேரத்தில் பதியுங்கள்.

கருவியின் குறையையும் அவர்கள் அறிவார்கள். கடுங்குளிரில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும்; திரையில் தெரியும் நேர்க்கோட்டை நம்பிப் போகும் இளைஞர் மெல்லிய பனிக்கட்டியின் மேல் போய்ச் சேரக்கூடும். இருந்தாலும் முதியவர்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. மூடுபனியில், நகரும் பனிக்கட்டிகளுக்கிடையே வால்ரஸ் என்னும் தந்தமுள்ள கடல்விலங்கின் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய துணை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்காதீர்கள். அவர்கள் இன்றும் அந்தத் தடங்களில் போகிறார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் போய்ச் சரிபார்க்கலாம். உங்கள் நிரைகளில் பால் வெட்டப் போகிறவர் யாருமில்லை. ஆகவே நீங்கள் ஒரே வழியைப் பலரோடு தனித்தனியாக நடந்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

சங்கிலி_அளவு (ஈப்போ) மறுமொழி:

நில அளவைத் துறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஏறத்தாழ 5 மீட்டர் வரை சரியாகக் காட்டும். வளர்ந்த செம்பனையின் கீழ் மட்டைகள் வானத்தை மறைப்பதாலும், செயற்கைக்கோள் அலைகள் மரங்களில் பட்டுத் திரும்புவதாலும் பிழை கூடும். ஓர் இடத்தைக் குறிக்கும்போது உடனே பொத்தானை அழுத்தாமல் சில நிமிடம் நின்று, பல அளவுகளை எடுத்துச் சராசரி காணுங்கள். பக்கத்தில் வெட்டவெளி இருந்தால் அங்கே ஓர் அளவு எடுத்து, அங்கிருந்து எத்தனை வரிசை உள்ளே என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தடத்தை ஜி.பி.எக்ஸ். (ஜி.பி.எஸ். தடங்களுக்கான பொது வடிவம்) கோப்பாகச் சேமித்து, மூலக்கோப்பைத் திருத்தாமல் தனியே வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

பழைய தோட்டப் படம் யாரிடமாவது கிடைத்தால் அதுவே உங்களுக்குப் பெரிய வரவு. ஆனால் அதை அப்படியே செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒட்டக் கூடாது. அந்தக் காலத்து அளவு சங்கிலியில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதாவது ஏறத்தாழ 20.1 மீட்டர். மலாயாவின் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் 1948 என்ற ஆதாரத்தை, அதாவது இடங்களின் ஆயத்தொலைவுகளைக் கணக்கிடும் அடிப்படையை, கொண்டு வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறோர் ஆதாரம். இரண்டையும் மாற்றாமல் கலந்தால் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகிவிடும். கங்காணி லயம் ஆற்றுக்குள் போய் நிற்கும். இடம் மாறாத சில குறிகளைத் தேர்ந்து, அவற்றை இரண்டு படங்களிலும் பொருத்துங்கள். கோயிலின் அடித்தளம், இரயில் பாலம், கல்கட்டிய கிணறு ஆகியவை நல்லவை. ஆற்றுவளைவை நம்பாதீர்கள், மறுநடவின்போது வாய்க்கால்களை நேராக்கி விடுவார்கள்.

இன்னொன்று, முனியாண்டி மேடு என்பது ஒரு புள்ளியாக இருக்க வாய்ப்பில்லை. எதுவரை மேடு என்று சொல்வார்கள் என்பதைக் கேட்டுச் சுற்றி நடந்து பரப்பாகப் பதியுங்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே உள்ளே போங்கள்.

லெட்சுமியின்_மகள் (பாரிட் புந்தார்) மறுமொழி:

தம்பி, நீங்கள் செய்வது புண்ணியமான காரியம். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். வடதிசை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

பால்வெட்டுக்காரப் பெரியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களோடும் தனியாக நடந்து பாருங்கள். நிரை ஒன்றாக இருந்தாலும் அவர்களுடைய நாள் வேறு வழியில் தொடங்கியது. இருட்டிலேயே எழுந்து, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் போய், அங்கே விட்டுவிட்டு, பிறகு பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, அதன் பிறகே காட்டுக்குப் போவார்கள். மத்தியானம் தோளில் சுமக்கும் காண்டாவாளியில் பால் சுமந்து கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, விறகு பொறுக்க ஒரு வழி, துணி துவைக்க ஆற்றுக்கு ஒரு வழி. ஆற்றங்கரையில் ஒவ்வொரு துறைக்கும் எங்கள் பெண்கள் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். கிராணிமாருக்கும் (தோட்ட எழுத்தர்களுக்கும்) தண்டலுக்கும் (மேற்பார்வையாளருக்கும்) அந்தப் பெயர்கள் தெரிந்திருக்காது. அந்த ஊரில் கடற்கரையை வரைந்து கொடுத்தவர் ஒரு பெண் என்று வாசித்தபோது எனக்கு வியப்பாக இல்லை.

பெயரோடு காலத்தையும் எழுதுங்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில், 1950களின் தொடக்கத்தில், பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். ஆகவே பழைய லயம் என்றால் என் தாயாருக்கு வேலிக்கு முந்தியது. எனக்கு வேலிக்குள் கட்டப்பட்டது. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறோம், ஆனால் சொல்லும் இடம் வேறு. யார் எந்த ஆண்டுகளில் அங்கே இருந்தார் என்பதைக் குறிக்காமல் விட்டால், பின்னால் பார்க்கிறவர் ஒருவரை மறதிக்காரர் என்று தள்ளிவிடுவார்.

வடதிசை மறுமொழி:

அம்மா சொன்னது மிகச் சரியானது. அதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியிடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இனுவிட் மக்கள் இதில் உறுதியாக இருக்கிறார்கள். 2018-இல் கனடாவின் தேசிய இனுவிட் அமைப்பு வெளியிட்ட ஆய்வுக் கொள்கை, தங்கள் மண்ணில் திரட்டப்படும் தகவல்களை யார் வைத்திருப்பது, யார் பயன்படுத்துவது என்பதில் தங்களுக்கே அதிகாரம் வேண்டும் என்கிறது. சனிகிலுவாக் என்ற ஊரில் தோன்றிய அமைப்பு 2019-இல் வெளியிட்ட சீக்கு என்ற செயலியில், வேட்டைக்காரர் தம் தடத்தையும் பனிக்கட்டியின் நிலையையும் பதியலாம். அதை யார் பார்க்கலாம் என்பதை அவரே முடிவு செய்கிறார்.

ஓப்பன்ஸ்டிரீட்மேப் போன்ற திறந்த வரைபடத்தில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. தவிர, இன்று தரையில் இருப்பவற்றுக்கே அங்கே இடம். கோயிலுக்குத் தமிழ்ப் பெயரைத் தாராளமாகச் சேர்க்கலாம். இடிக்கப்பட்ட லயத்தைச் சேர்த்தால் யாராவது நீக்கிவிடுவார்கள், அவர்கள் செய்வதும் அந்த வரைபடத்தின் முறைப்படி சரியே. மறைந்த இடங்களுக்கென்றே ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனி வரைபடம் இருக்கிறது. இடுகாடு, காவல்தெய்வப் பீடம் போன்றவற்றை வெளியிடாமல் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

லெட்சுமியின்_மகள் மறுமொழி:

ஐயா, மற்ற எல்லாவற்றிலும் உங்களோடு உடன்படுகிறேன். இடுகாட்டைப் பொறுத்தவரை முடியாது. எங்கள் தோட்டத்தில் இடுகாடு எந்தப் படத்திலும் இல்லாததால்தான், மறுநடவுக்கு வந்த இயந்திரம் அதன் ஓரத்தை உழுதுவிட்டுப் போயிற்று. ஓட்டி வந்தவருக்கு அங்கே இடுகாடு இருப்பது தெரியாது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என் தம்பியின் குழி எது என்று இப்போது சொல்ல முடியவில்லை. மறைத்து வைத்தால் காப்பாற்றலாம் என்பது அந்த மண்ணில் இன்றும் நடமாடுகிற மக்களுக்குப் பொருந்தும். நாம் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். நம்முடையது என்று காட்ட எழுத்தில் எதுவும் இல்லாதவர்கள். வேட்டைக்காரர்கள் வரைந்த கோடுகளே அவர்களுடைய நிலத்துக்குச் சான்றாயின என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

ஆற்றுமுகம் (லாசா, பேராக்) மறுமொழி:

சுருக்கமாக ஒன்று. சுங்கை சிப்புட்டின் உட்பகுதியில் வாழும் பூர்வகுடியினரான தெமியார் மக்கள், தோட்டங்கள் வருவதற்கு முன்பே இந்த ஆறுகளுக்கும் மலைகளுக்கும் பெயர் வைத்து வாழ்ந்தவர்கள். உங்கள் அட்டவணையில் தமிழ்ப் பெயருக்கு மட்டும் இடம் வைக்காமல், ஓர் இடத்துக்குப் பல மொழிப் பெயர்கள் எழுதும்படி அமையுங்கள். ஆற்றுப் பெயரைக் கேட்க நேர்ந்தால் அவர்களுடைய பெரியவர்களிடமும் முறையாகச் சென்று கேளுங்கள். சீனக் குடியிருப்புகளில் உள்ள பழைய பால் வெட்டுக்காரர்களும் பல பாதைகளை அறிவார்கள்.

சிப்புட்_நிரை மறுமொழி:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. உங்கள் மறுமொழிகளைத் தாளில் எடுத்து எங்கள் குழுவில் வாசித்தோம். இனிமேல் செயற்கைக்கோள் படத்தைப் பெரியவர்களிடம் நீட்டுவதில்லை என்றும், வேலை நாளின் வழியைக் கேட்டு அவர்களை முன்னே நடக்கவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். நடக்க இயலாதவர்களை மோட்டார்சைக்கிளில் பின்னால் அமர்த்தி மண்சாலைவரை அழைத்துச் செல்ல இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். பெண்களின் வழிகளைப் பதிய என் அக்காவும் அவருடைய தோழிகளும் பொறுப்பேற்கிறார்கள். அட்டவணையில், சொன்னவர் அங்கே வாழ்ந்த ஆண்டுகளுக்கு ஒரு கட்டமும், பிறமொழிப் பெயர்களுக்கு ஒரு கட்டமும் சேர்த்துவிட்டோம்.

இடுகாட்டைப் பற்றி எங்களிடையே நீண்ட பேச்சு நடந்தது. அம்மா எழுதியதை வாசித்த பிறகு, மறைக்க வேண்டும் என்று சொன்னவர்களில் பலர் மனம் மாறினார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களின் குடும்பங்களைக் கேட்டு, அவர்கள் இசைந்தால் எல்லையை முறையாக அளந்து, படத்தின் ஒரு படியைத் தோட்ட நிர்வாகத்திடமும் மற்றொன்றை மாவட்ட நில அலுவலகத்திடமும் கொடுக்க எண்ணுகிறோம். குழிகளின் பெயர் விவரங்கள் குடும்பங்களிடமே இருக்கும்.

சங்கிலி_அளவு ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஓய்வுபெற்ற கிராணி ஒருவரின் வீட்டில் பழைய தோட்டப் படம் ஒன்று கிடைத்திருக்கிறது. நிரைகளின் எண்கள்கூடத் தெளிவாக இருக்கின்றன. ஆனால் நான்காக மடித்து வைத்திருந்ததால் மடிப்புகளில் தாள் கிழிந்து, நான்கு துண்டுகளும் சற்று விலகியிருக்கின்றன. நான்கையும் தனித்தனியே பொருத்த வேண்டுமா, ஒட்டிய பிறகு ஒன்றாகப் பொருத்தலாமா?

சங்கிலி_அளவு மறுமொழி:

ஒட்டாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் சமமாக விரித்துத் தனித்தனியே ஒளிப்படி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு குறிகளைக் கொண்டு தனியே பொருத்துங்கள். மடிப்பின் அருகில் அளவு எடுக்க வேண்டாம். அங்கேதான் தாள் இழுபட்டிருக்கும். கோயில் எந்தத் துண்டில் விழுகிறது என்று பார்த்து அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து நான் அந்தப் பக்கம் வருகிறேன். படத்தை எடுத்து வையுங்கள், சேர்ந்து செய்வோம்.